வக்கீல் ஆபீஸுக்கு வெப்சைட்: போர்டு அளவு எவ்வளவு?

கேள்வி: ஈரோட்டுல எங்க ஆபீஸ்ல சீனியரோட சேர்த்து அஞ்சு வக்கீலுங்க. சிவில், செக் கேஸு, கொஞ்சம் ஜிஎஸ்டி அப்பீலுன்னு போயிட்டிருக்குது. வெப்சைட் வெக்கலாம்னு நான் சொன்னா, "நாம என்ன பனியன் கடையா வெச்சிருக்கறோம்? தேடி வர்றவங்க வரட்டும்"ங்கறார் சீனியர். ஜூனியர் பசங்க ரெண்டு பேரு ரீல்ஸ் போட்டே ஆகோணும்ங்கறாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு கம்பெனி கொட்டேஷன் குடுத்திருக்குதுங்க: வெப்சைட் 45,000, கூகுள் விளம்பரம் மாசம் 10,000, ரிவ்யூ 100க்கு 12,000, ரீல்ஸ் எட்டுக்கு மாசம் 8,000. முதல் வருசத்துக்கே ரெண்டே முக்கால் லட்சம் வருதுங்க. இதுக்கு நடுவுல கூகுள் மேப்புல யாரோ எங்க ஆபீஸ் பேரைப் போட்டு வெச்சிருக்கறாங்க. குறி அடுத்த வீதி ஜெராக்ஸ் கடை மேல நிக்குது, நேரம் 24 மணி நேரம்னு இருக்குது. கட்சிக்காரங்க அங்க போய் நின்னுட்டு போன் பண்றாங்க. யார் சொல்றது சரிங்க? எங்கிருந்து ஆரம்பிக்கறது?
- இளம் பங்குதாரர், ஈரோடு

பதில்: உங்கள் சீனியர் பேச்சில் முக்கால்வாசி சட்டமே இருக்கிறது. அதைப் பழைய காலத்துப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று சொன்னது. இந்தத் தொழில் வியாபாரத்திலிருந்து வேறுபட்டது என்பதுதான் அதற்கு அடிப்படை. இரண்டு மாதத்துக்குள், ஜூலை 3 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இன்னும் நேராகச் சொல்லிவிட்டது. ஆன்லைன் தளங்கள் வழியாக விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறு, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீலுக்கு ஸ்டார் ரேட்டிங் போட்டு விற்கும் தளங்களையும் அது விடவில்லை. "நாம என்ன பனியன் கடையா" என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் பதிலும் "இல்லை" என்பதுதான்.

சீனியர் கணக்கு தப்பும் இடம் ஒன்றே ஒன்று. வெப்சைட் என்றாலே விளம்பரம் என்று அவர் நினைக்கிறார். ரீல்ஸ் கேட்கும் ஜூனியர்களும் அதையேதான் நினைக்கிறார்கள். அவருக்கு அது வேண்டாம், இவர்களுக்கு அது வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். விதி இரண்டு பேர் சொல்வதையும் சொல்லவில்லை. அது வெப்சைட்டை ஆபீஸ் வாசலில் தொங்கும் போர்டு மாதிரி பார்க்கிறது, போர்டில் என்ன எழுதலாம் என்பதையும் அதுவே சொல்கிறது.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆம் விதியைச் சீனியர் மனப்பாடமாகச் சொல்வார். நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கக் கூடாது, விளம்பரம் கூடாது; சுற்றறிக்கை, தரகர், சொந்த உறவு இல்லாத இடத்தில் போய்ப் பார்ப்பது, தன் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்து வரவைப்பது, போட்டோ போடுவது எதுவும் கூடாது. போர்டு நியாயமான அளவில் இருக்க வேண்டும். இன்ன வகை வழக்கில் நிபுணர் என்றோ, முன்னாள் நீதிபதி, பார் கவுன்சில் உறுப்பினர், சங்கத் தலைவர் என்றோ அதில் எழுதக் கூடாது. 2008இல் இதே விதிக்கு ஒரு விலக்கு சேர்த்தார்கள். இந்திய பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அதன் ஒப்புதலோடு, அட்டவணையில் உள்ள விவரங்களை மட்டும் வெப்சைட்டில் தரலாம்.

அட்டவணை சின்னது. பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த நாள், முதலில் பதிவு செய்த மாநில பார் கவுன்சில், இப்போது பெயர் இருக்கும் மாநில பார் கவுன்சில், உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம், தொழில் மற்றும் கல்வித் தகுதி, சிவில், கிரிமினல், வரி, தொழிலாளர் என்பது போல எந்தத் துறையில் பிராக்டீஸ். இந்த விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும். இதற்கு மேல் எது சேர்த்தாலும் அது 36ஆம் விதி மீறல், வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35இன் கீழ் தொழில் நடத்தைக் குற்றம் என்று விதியே சொல்லிவிடுகிறது. கண்டிப்பிலிருந்து சில காலம் நிறுத்திவைப்பது, பட்டியலிலிருந்து பெயரையே நீக்குவது வரை தண்டனை உண்டு.

ஒரு சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். "பிராக்டீஸ் செய்யும் துறைகள்: சிவில், காசோலை வழக்குகள், ஜிஎஸ்டி" என்று எழுதலாம். "காசோலை வழக்கு ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுத முடியாது. வெப்சைட் எழுதித் தருபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அவர்கள் கையில் இருக்கும் மாதிரிகள் பெரும்பாலும் அமெரிக்க வக்கீல் ஆபீஸ்களுடையவை. அங்கே 1977இல் பேட்ஸ் வழக்கில் வக்கீல் விளம்பரத்துக்கு அவர்களுடைய உச்ச நீதிமன்றமே வழிவிட்டது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு 1984இல் அனுமதி வந்தது. அந்த ஊர் வாசகங்களைத் தமிழாக்கி "ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்" என்று நம் ஊர்ப் பக்கத்தில் ஒட்டினால் விளம்பரக் குற்றத்தோடு நிற்காது. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதே இங்கே 20ஆம் விதிப்படி தடை.

இப்போது அந்தக் கொட்டேஷனை எடுத்து மேஜை மேல் வையுங்கள், ஒரு பேனாவோடு.

கூகுள் விளம்பரம் மாதம் 10,000: அடித்துவிடுங்கள். காசு கொடுத்து மேலே வரவைப்பதற்கு விளம்பரம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ரிவ்யூ 100க்கு 12,000: இதையும் அடியுங்கள். கோர்ட் வாசலையே மிதிக்காத நூறு பேர் உங்கள் சீனியருக்கு ஐந்து ஸ்டார் போடுவது பொய்ச் சாட்சி மாதிரிதான். பொய் ரிவ்யூக்களைக் கூகுள் கண்டுபிடித்தால் மொத்தமாக நீக்கும், பக்கத்தையே முடக்கவும் செய்யும். அப்போது உண்மையான பத்து ரிவ்யூவும் சேர்ந்து போகும். "ஈரோட்டில் நம்பர் ஒன்" என்று யார் வாக்குறுதி கொடுத்தாலும், அதைச் செய்ய அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. ரீல்ஸை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுவோம். மிச்சம் நிற்பது வெப்சைட் 45,000. அதுவும் உங்களுக்கு வேண்டிய வேலைக்கு அதிகம்.

ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது சின்ன வேலை. பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவருக்குச் செக் திரும்பி வந்தால் கூகுளில் "நல்ல வக்கீல்" என்று தேட மாட்டார். ஆடிட்டரைக் கேட்பார், இல்லாவிட்டால் மாமன் மச்சானை. அவர்கள் உங்கள் சீனியர் பெயரைச் சொல்வார்கள். வண்டியை எடுப்பதற்குள் மகன் போனில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்ப்பான். ஆபீஸ் எங்கே, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும், இவர் உண்மையிலேயே பதிவு செய்த வக்கீலா, நம்பர் என்ன? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் வண்டி கிளம்பிவிடும். கொங்கு நாட்டில் வக்கீலைத் தேர்ந்தெடுப்பது இன்னமும் வாய்ச்சொல்தான். போனில் நடப்பது அந்த வாய்ச்சொல்லைச் சரிபார்ப்பது. உங்கள் சீனியர் சொல்லும் "தேடி வர்றவர்" தான் அந்தப் பையன். இன்றைக்கு அவன் தேடினால் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நிற்கிறான்.

அதனால் மேப்பிலிருந்து ஆரம்பியுங்கள். செலவு ஒன்றும் இல்லை. கூகுள் மேப்பில் உங்கள் ஆபீஸ் பெயரைத் திறந்தால், அதை உரிமை கோரும் வழி கீழே இருக்கும். ஆபீஸுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கி அதிலிருந்து கோருங்கள். ஜூனியரின் சொந்தக் கணக்கில் செய்தால், அவர் தனியாகப் போகும் நாளில் பக்கமும் கூடப் போய்விடும். ஏற்கெனவே வேறு யாரோ உரிமை எடுத்திருந்தால் அணுகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்; வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் உண்டு. சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வீதிப் பெயர்ப் பலகை, பக்கத்துக் கடை, உங்கள் போர்டு, சாவி போட்டுக் கதவைத் திறப்பது எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் மேஜையைக் காலி செய்யுங்கள். கேஸ் கட்டின் மேல்தாளில் இரண்டு தரப்புப் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும், அது வீடியோவில் விழவே கூடாது.

உரிமை கைக்கு வந்ததும் குறியை விரலால் இழுத்து உங்கள் கட்டிட வாசலில் வையுங்கள். மாடி எண்ணை முகவரியில் சேருங்கள். "24 மணி நேரம்" என்பதை எடுத்துவிட்டு, உண்மையில் கட்சிக்காரரைப் பார்க்கும் நேரத்தைப் போடுங்கள். கோர்ட் நேரத்தில் ஆபீஸில் குமாஸ்தா மட்டும்தான் இருப்பார் என்றால் காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் என்று இரண்டாகப் பிரித்துப் போடலாம். பெயர் கட்டத்தில் ஆபீஸ் பெயர் மட்டும் இருக்கட்டும். "ஈரோடு சிறந்த விவாகரத்து வக்கீல்" என்று பெயரோடு ஒட்டிவிடுவது ஏஜென்சிகளின் பழக்கம். கூகுள் விதிக்கும் ஆகாது, 36ஆம் விதிக்கும் ஆகாது. பதிவு, ஆஃபர் போடும் வசதிகளைத் தொட வேண்டாம். 2008 விலக்கு வெப்சைட்டைப் பற்றித்தான் பேசுகிறது, மேப் பக்கம் அதில் சொல்லப்படவில்லை. ஆனாலும் நீங்கள் எடுக்காமல் விட்டால் அந்தப் பக்கம் மறைந்துவிடாது, யார் வேண்டுமானாலும் திருத்தத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். பெயர், முகவரி, எண், நேரம் என்ற அளவோடு அதை உங்கள் கையில் வைத்திருப்பதுதான் பொறுப்பான வழி என்பது எங்கள் கருத்து.

ரிவ்யூ பகுதியை உங்களால் மூட முடியாது. கேஸ் தோற்ற கட்சிக்காரரோ எதிர்த்தரப்போ வந்து ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்போது கை பரபரக்கும். "நீங்கள்தான் வாய்தாவுக்கே வரவில்லை, ஃபீஸ் பாக்கி வைத்துவிட்டுப் போனவர்" என்று ஒரு பதில் போட்டால், அவர் உங்கள் கட்சிக்காரர் என்பதையும் வழக்கு விவரத்தையும் நீங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் 132ஆம் பிரிவாக அப்படியே நிற்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அது முடிவதில்லை. "உங்கள் கருத்தைப் படித்தோம். நேரில் பேச விரும்பினால் அலுவலக எண்ணில் அழைக்கலாம்" என்ற இரண்டு வரி போதும். எழுதியவர் கட்சிக்காரரா இல்லையா என்பது அதில் தெரியாது. பாராட்டு ரிவ்யூவுக்கும் "உங்கள் வழக்கில் வெற்றி கிடைத்ததில் மகிழ்ச்சி" என்று எழுத வேண்டாம். பலர் கவனிக்க மறப்பது பாராட்டுக்குப் பதில் எழுதும் இந்த இடத்தில்தான்.

ஆன்லைன் டைரக்டரிகளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். நீங்கள் கேட்காமலே போட்டிருப்பார்கள். நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால், அந்தப் பக்கத்தை நீங்கள் போடவில்லை என்பதற்கு அந்தக் கடிதம்தான் உங்கள் பக்கம் பேசும். இதைப் போன்ற புகார் பல நேரம் கட்சிக்காரரிடமிருந்து வருவதில்லை, பக்கத்து ஆபீஸிலிருந்தே வரும்.

இனி வெப்சைட். நான்கு பக்கம் போதும்: முகப்பு, வழக்கறிஞர்கள், துறைகள், தொடர்பு. பதிவு செய்திருப்பது ஆபீஸ் அல்ல, ஐந்து வழக்கறிஞர்கள். ஆகவே அட்டவணை விவரம் ஐந்து பேருக்கும் தனித்தனியாக வேண்டும், உறுதிமொழியில் ஐந்து கையெழுத்தும் வேண்டும். பதிவு எண்ணைச் சான்றிதழில் உள்ளபடி எண்ணும் ஆண்டுமாகப் போடுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞரின் பெயரை வைத்தும் பார் பதிவு எண்ணை வைத்தும் வழக்கு நிலையைத் தேடலாம், விவரம் தெரிந்த கட்சிக்காரர்கள் இப்போதே அதைச் செய்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரே சங்கத்தில் நான்கு பழனிசாமி, மூன்று சுப்பிரமணியம் இருப்பார்கள். அதையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலை வெப்சைட்டிலும் மேப்பிலும் லெட்டர்பேடிலும் வைத்தால்தான் நீங்கள் தேடும் பழனிசாமி இவர்தான் என்று அடையாளம் தெரியும்.

தமிழ்ப் பக்கம் கட்டாயம் வையுங்கள். பாகப்பிரிவினைக்கும் கீழ்பவானிப் பாசனத்துக் கிணற்றுப் பங்குக்கும் வருகிறவர் தமிழில்தான் படிப்பார். ஆனால் டைப்பிங் செய்யும் இடத்தில் ஒன்று கவனியுங்கள். வக்கீல் ஆபீஸ்களில் வழக்குரை அடிப்பது பல இடத்தில் இன்னமும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில்தான். அதை அப்படியே வெட்டி வெப்சைட்டில் ஒட்டினால் சில போனில் கிறுக்கல் மாதிரி தெரியும், கூகுளுக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லா போனும் படிக்கும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி படிக்க வேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்துப் போட்டுவிடுவதும் வேலைக்காகாது. தொலைபேசி எண் எழுத்தாக இருந்தால்தான் விரல் பட்டதும் அழைப்பு போகும்.

பக்கத்தில் தெரிவது மட்டும் வெப்சைட் அல்ல. ஏஜென்சி முடித்துக் கொடுத்ததும் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு யு விசையைத் தட்டுங்கள். பின்னால் இருக்கும் குறிமொழி விரியும். மேலே தலைப்பு, விவரணை என்று இரண்டு வரி இருக்கும், கூகுள் தேடலில் நீல எழுத்தாகவும் அதன் கீழ்ச் சிற்றெழுத்தாகவும் வருபவை பெரும்பாலும் அவைதான். திரையில் "வழக்கறிஞர் அலுவலகம்" என்று அடக்கமாக இருக்கும் பக்கத்துக்குப் பின்னால் "ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல்லில் நம்பர் 1 வக்கீல், இலவச ஆலோசனை" என்று எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் தேடுகிற எல்லோர் கண்ணிலும் அது படும். கிளையே இல்லாத ஊர்களுக்குத் தனித்தனிப் பக்கம் செய்து மறைத்து வைக்கும் பழக்கமும் உண்டு. இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள்.

வெற்றி பெற்ற வழக்குகள், கட்சிக்காரர் பாராட்டு, விருது, பிரமுகரோடு போட்டோ எதற்கும் அட்டவணையில் இடமில்லை. வழக்கறிஞரின் சொந்தப் போட்டோவும் அட்டவணையில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வைக்காமல் இருப்பதே நல்லது. கவுனும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் (பேண்ட்ஸ்) போட்டு எடுத்த படம் என்றால் வேண்டவே வேண்டாம். நீதிமன்றத்துக்கு வெளியே, சடங்கு விழாக்கள் தவிர, அதை அணியவே தடை இருக்கிறது. "பெரிய ஆபீஸ்கள் எல்லாம் கட்டுரை, செய்தி, விருது என்று போடுகிறார்களே" என்று ஜூனியர்கள் கேட்பார்கள். அவர்கள் தளத்தைத் திறந்ததும் "நானாக விரும்பித் தகவல் தேடி வந்தேன்" என்று ஒரு பெட்டி வந்து ஒப்புக்கொள்ளச் சொல்லும். அந்தப் பெட்டி ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். பெட்டி வைத்தால் அட்டவணைக்கு வெளியே போகலாம் என்று விதியில் எங்கும் இல்லை.

பக்கங்கள் தயாரானதும் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, ஐந்து உறுதிமொழியோடு முகப்புக் கடிதம் வைத்து, டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு ஒரு நகல். விதி கேட்பது தகவலை மட்டும் அல்ல, ஒப்புதலையும். பதில் வரும்வரை தளத்தைத் திறக்காதீர்கள், தாமதமானால் நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். புதிதாக ஒரு ஜூனியர் சேர்ந்தாலோ முகவரி மாறினாலோ மறுபடியும் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்கிற ஆபீஸ்கள் குறைவு. அதற்காக நீங்கள் விட்டுவிட்டால், புகார் வரும் நாளில் அந்தக் குறைவு உங்களைக் காப்பாற்றாது.

தொடர்புப் பக்கத்தில் படிவம் வைக்கப் போகிறீர்கள் என்றால் நிதானமாக யோசியுங்கள், ஆபீஸ்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "உங்கள் பிரச்சினையை விரிவாக எழுதுங்கள்" என்று பெரிய கட்டம் வைப்பார்கள். ஒரு பங்காளி தன் பக்கத்து விவரம் முழுவதையும் அதில் கொட்டி, பத்திரங்களையும் இணைத்து அனுப்புவார். நீங்களும் நல்லெண்ணத்தில் "முதலில் தடையுத்தரவுக்கு மனு போடலாம்" என்று ஒரு வரி பதில் போடுவீர்கள். இன்னொரு பங்காளி சீனியரின் இருபது வருடத்துக் கட்சிக்காரராக இருப்பார். வழக்குத் தொடுப்பது பற்றி ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்கிறது 33ஆம் விதி. ஒரு வரி பதிலால் பழைய கட்சிக்காரரை இழக்க நேரிடலாம். ஈரோடு, பவானி, கோபி மாதிரி ஊர்களில் இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீலைத் தெரிந்திருப்பது சாதாரணம்.

ஆகவே படிவத்தில் பெயர், ஊர், தொலைபேசி எண், எதிர்த்தரப்பின் பெயர், கடைசி நாள் ஏதாவது இருந்தால் அந்தத் தேதி, இவ்வளவு போதும். விவரம் எழுதக் கட்டம் வேண்டாம், ஆவணம் இணைக்கும் வசதியும் வேண்டாம். எதிர்த்தரப்புப் பெயரை உங்கள் ஆபீஸ் டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திருப்பி அழைக்க வேண்டும். வக்காலத்துக் கையெழுத்தாகும்வரை நீங்கள் அவருடைய வக்கீல் அல்ல என்ற வரி படிவத்துக்கு மேலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் எண் கொடுத்தாலும் இதே கட்டுப்பாடுதான்.

கடைசி நாள் எதற்கு என்றால், செக் கேஸுக்காகத்தான். பணம் இல்லை என்று செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் தர 15 நாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். படிவத்தில் வருவது ஏஜென்சி தொடங்கிய ஏதோ ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போய், அதை யாரும் திறக்காமல் இருந்தால், 28ஆம் நாள் எழுதியவருக்கு நோட்டீஸ் கெடு தப்பிவிடும். அவர் "வக்கீலுக்கு எழுதிப் போட்டுட்டேன்" என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். காலை ஒன்பதரை, மாலை ஐந்தரை என்று இரண்டு வேளை பெட்டியைத் திறக்க ஒருவரை நியமிக்க முடியாவிட்டால் படிவமே வைக்காதீர்கள், தொலைபேசி எண் போதும்.

ரீல்ஸ் விஷயத்தில் ஜூனியர்களிடம் கோபப்படாமல் பேசச் சொல்லுங்கள். மக்களுக்குச் சட்டம் சொல்ல வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் வக்கீல்கள் சமூக ஊடகத்தில் செய்யும் விளம்பரத்தையும் நடிகர்களை வைத்து எடுக்கும் வீடியோக்களையும் கண்டித்து இந்திய பார் கவுன்சில் 2025 மார்ச்சில் எச்சரிக்கை விட்டிருக்கிறது. "முன்ஜாமீன் என்றால் என்ன" என்று பொதுவாகச் சொல்வது ஒன்று. கோர்ட் வாசலில் நின்றுகொண்டு "இன்று நம் வாதத்தால் விடுதலை" என்பது வேறொன்று. பின்னது 36ஆம் விதி பெயர் சொல்லித் தடுத்ததேதான், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் அதேதான். பொதுவான வீடியோவிலும் கடைசியில் நம்பர் ஓடினால் அது வேலை கேட்பதாகிவிடும். பேசியே ஆக வேண்டும் என்கிறவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முகாம்களில் பேசட்டும். பெருந்துறையிலோ சத்தியிலோ ஒரு கிராமத்து மண்டபத்தில் அரை மணி நேரம் கேள்விக்குப் பதில் சொன்னால், கேட்டவர்களுக்கும் உபயோகம், விதியும் குறுக்கே நிற்காது. ஆபீஸ் பெயரிலும் ஆபீஸ் செலவிலும் மாதம் எட்டு ரீல்ஸ் என்பதை அடித்துவிடுங்கள்.

சீனியரிடம் எடுத்துக்கொண்டு போகும்போது லேப்டாப்பைத் திறந்து காட்டாதீர்கள். நான்கு பக்கத்தையும் ஏ4 தாளில் அச்செடுத்து, 2008 அட்டவணையை மேலே வைத்து, பேனாவோடு கொடுங்கள். முப்பது நாற்பது வருடம் வழக்குரை திருத்திய கைக்குத் தாளில்தான் தப்பு தெரியும். "இதில் அதிகமாக இருப்பதை அடித்துக் கொடுங்க ஐயா" என்று சொல்லுங்கள். எதை எழுதக் கூடாது என்பதில் ஆபீஸிலேயே அவரை விடத் தெளிவானவர் இருக்க மாட்டார். அவர் அடித்துக் கொடுத்த பிரதியே தளத்தில் ஏறட்டும்.

இந்த வேலைக்கு 45,000 வேண்டியதில்லை என்று சொன்னோம். ".இன்" என்று முடியும் இணைய முகவரிக்கு வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய், தளத்தை வைக்கும் இடத்துக்குச் சில ஆயிரம், நான்கு பக்கம் கட்டுகிறவருக்கு ஒரு முறை கூலி. அந்த முகவரியிலேயே மின்னஞ்சலும் வைத்துக்கொள்ளுங்கள். கரூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி செய்கிறவர் தன் வெளிநாட்டு வாங்குபவரின் வக்கீலுக்கு உங்களை அறிமுகப்படுத்தும்போது, இலவச மின்னஞ்சலிலிருந்து போகும் ஒப்பந்தத்தை அங்கே சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். வைக்கும்போது, கடிதம் உண்மையில் உங்கள் முகவரியிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று பதிவுகளையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வங்கிக்குப் போகும் கடிதம் ஸ்பேமில் விழும், உங்கள் பெயரில் வேறு யாரோ கடிதம் அனுப்புவதும் எளிதாகிவிடும்.

எல்லாவற்றையும் விட ஒன்று முக்கியம். அந்த இணைய முகவரி யார் பெயரில் பதிவாகிறது என்று பாருங்கள். ஏஜென்சி தன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அடுத்த வருடம் சண்டை வந்தால் தளமும் மின்னஞ்சலும் அவர் கையில். புதுப்பிக்க மறந்தால் வேறு யாரோ வாங்கி, சீனியரின் பெயர் உள்ள முகவரியில் சூதாட்டப் பக்கத்தை ஏற்றுவார்கள். விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியை யாராலும் திரும்ப வாங்க முடியாது. பங்குதாரர் ஒருவர் பெயரிலும், ஆபீஸ் மின்னஞ்சலிலும், ஆபீஸ் போன் எண்ணிலும் 5 வருடத்துக்குப் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல்லை எழுதி, பதிவுச் சான்றிதழ்கள் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். கோயமுத்தூர்க் கம்பெனிக்குப் பதில் எழுதும்போது விளம்பரம், ரிவ்யூ, ரீல்ஸ் மூன்றையும் நீக்கி, நான்கு பக்கத்துக்கு மட்டும் புதிய விலை கேளுங்கள். முகவரியும் தளமும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.